உடுக்குறி

அந்தச் சிவப்பு உடுக்குறியைப் போட்டவன் நான்தான்.
பிஷ்கெக்கில், நான்காம் மாடியில்,
வெப்பக்குழாய் பாதி நாள் செத்துக்கிடக்கும் அறையில்,
கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டுத்
தட்டச்சு செய்துகொண்டிருந்த மார்ச் மாதம்.
பிறப்புப் பதிவுப் படிவம்:
குழந்தையின் பெயர், தாயின் பெயர், தந்தையின் பெயர்.
மூன்றுக்கும் பக்கத்தில் ஆளுக்கொரு நட்சத்திரம்.
நிரப்பாமல் நகர முடியாது.
நிரப்பாமல் யார் நகரப்போகிறார்கள் என்று நினைத்தேன்.
உண்மையில், நினைக்கவே இல்லை.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் அல்லவா,
அந்தப் பூசாரியை எழுப்பி அனுப்புவதுதான் எங்கள் திட்டம்.
இனி வரிசை கிடையாது. முத்திரை மை கிடையாது.
சான்றிதழுக்கு ஒரு சாக்லேட் பெட்டி என்ற
எழுதாத கட்டணமும் கிடையாது.
பதிவாளருக்குப் போன பெட்டி
பல் மருத்துவருக்குப் போய்,
தலைமையாசிரியைக்குப் போய்,
ரிப்பன் கசங்கி
கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பிய கதை
இங்கே எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

நவம்பரில் நாரினிலிருந்து ஓர் அழைப்பு.
அஸில்கான் எஷிம்பெகோவா, பதிவாளர், இருபத்தாறு வருட சர்வீஸ்.
"தம்பி, உன் கணினி என்னை விடமாட்டேன் என்கிறது.
எதிரே ஒரு பெண். குழந்தைக்குப் பதினொரு நாள்.
தகப்பன் பெயர் கேட்டால் ஜன்னலைப் பார்க்கிறாள்."
முன்பெல்லாம் என்ன செய்வீர்கள்?
"கோடு போடுவேன்.
சில நாள், பேனாவில் மை தீர்ந்ததுபோல் நடிப்பேன்.
யோசித்துவிட்டு நாளைக்கு வரட்டும் என்று."
என் மதிய உணவு ஆறிக்கொண்டிருந்தது.
ஒரு புள்ளி வையுங்கள், ஏற்றுக்கொள்ளும் என்றேன்.
வைத்தார். ஏற்றுக்கொண்டது.
பச்சை நிறத்தில் நன்றியும் சொன்னது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை என்றால் பொய்.
நன்றாகத்தான் தூங்கினேன்.
மூன்று வாரம் கழித்து, வேறெதையோ தேடும்போது,
தந்தையர் பட்டியலை அகரவரிசையில் அடுக்கினேன்.
எழுத்துகளை முந்திக்கொண்டு குறிகள் வந்து நின்றன.
புள்ளி. புள்ளி. புள்ளி. கோடு. இரண்டு கோடு.
ஒரே ஒரு கேள்விக்குறி.
பிறகு சொற்கள்:
இல்லை.
தெரியும், சொல்லமாட்டாள்.
ரஷ்யா.
ரஷ்யா.
ரஷ்யா, கட்டட வேலை.
தலாஸ் பக்கத்தில் யாரோ எரிச்சலில்
"படிவம் கேட்கிறது" என்று அடித்திருந்தார்.
அந்தக் குழந்தையின் சான்றிதழில் இன்றும்
தந்தை பெயர்: படிவம் கேட்கிறது.
நானூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
ஒருவரையொருவர் அறியாத எழுத்தர்கள்
என் நட்சத்திரத்தைச் சுற்றிக்கொண்டு போக
ஆளுக்கொரு ஒற்றையடிப் பாதை போட்டிருந்தார்கள்.

மேலாளர் இரிஸ்பெக் கேட்டார்: புகார் கொடுத்தது யார்?
யாருமில்லை.
அப்படியானால் பிரச்சினையும் இல்லை, என்றார்.
மாற்றக் கோரிக்கை, ஏழு பக்கம், மூன்று கையெழுத்து.
ஆமாம், காகிதத்தில். நீல மையில்.
பூசாரி எங்கும் போய்விடவில்லை,
மாடி மாறியிருக்கிறார்.
முதல் கையெழுத்து என்னுடையது.

பிப்ரவரியில் ஓர் 'ஆம்' என்பதை 'இல்லை' ஆக்கினேன்.
ஆண்டறிக்கையில் அதற்குக் கட்டம் கிடையாது.
மிச்சமான நிமிடங்கள், மிச்சமான தாள்கள், அவ்வளவே.
பழைய நானூற்றுப் பன்னிரண்டை நான் தொடக்கூடாது;
ஒவ்வொரு தாயும் தானே வந்து கேட்க வேண்டும்.

ஏப்ரலில், தோலோன் கணவாயைத் தாண்டி வந்த ஒரு வேன்காரர்
கீழே நின்று ஹாரன் அடித்தார்.
சாக்லேட் பெட்டி.
ஏற்கெனவே இரண்டு முறையாவது அவிழ்த்துக் கட்டிய ரிப்பன்.
காலாவதி, போன வருடம்.
உள்ளே சீட்டு: "புள்ளிக்காரிக்குப் பெயர் பெர்மெத்.
இரண்டு பல் முளைத்துவிட்டது.
தாய் இன்னும் வரவில்லை. நான் விடமாட்டேன்."

அரசு ஊழியர் அன்பளிப்பு பெற்றால் பதிய வேண்டும்.
அதற்கும் ஒரு படிவம், நான் எழுதியதுதான்.
'கொடுத்தவரின் நோக்கம்' என்ற கட்டத்தருகே
சிவப்பாய் ஓர் உடுக்குறி.
கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தேன்.
ஒரு புள்ளி வைத்தேன்.